உடம்புவாகும் எடை அட்டவணையும்: ஒரு மறுவாசிப்பு

1

தஞ்சாவூரில் ஒரு பரிசோதனை நிலையம். பெயர் இங்கே தேவையில்லை. திருவையாற்றிலிருந்து காலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு போய், ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது 58. உயரம் 175 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. உணவு ஆலோசனை சொல்ல ஒரு பெண் இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஹைட்டுக்கு 67 இருந்தாப் போதும் சார். 17 கிலோ எக்ஸ்ட்ரா."

"எனக்கு எலும்பு கொஞ்சம் கனம்மா. எங்க அப்பா, தாத்தா எல்லாருமே பெரிய உடம்புவாகுதான்" என்றேன்.

அவர் சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க."

அந்தச் சிரிப்பைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர் கையில் ஓர் அட்டவணை இருந்தது. என் வாயில் ஒரு சொலவடை இருந்தது. இரண்டையும் பிரதிகளாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அட்டவணையைக் கட்டுடைப்பது எளிது. இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு அது பழகிய வேலை. ஆனால் 'எலும்பு கனம்' என்கிற நம் சொந்தச் சொல்லாடலை யார் கட்டுடைப்பது? ஒன்றை உடைத்துவிட்டு மற்றதன் நிழலில் ஒதுங்கிக்கொள்வதற்குப் பெயர் விமர்சனம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது ஒரு தோழரின் கால் விரல். அதற்குப் பிறகு வருகிறேன்.

2

முதலில் அட்டவணை. அது எங்கிருந்து வந்தது?

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெல்ஜியத்தில் அடால்ஃப் கெத்லே என்றொரு வானியலாளர் இருந்தார். நட்சத்திரத்தின் இடத்தைப் பலமுறை அளந்தால் ஒவ்வொரு முறையும் சற்றே மாறி வரும். அவற்றின் சராசரிதான் உண்மையான இடம், மற்றவை அளப்பவரின் பிழை என்பது வானியலில் பழகிய கணக்கு. கெத்லே இந்தக் கணக்கை மனிதர்கள் மேல் பொருத்தினார். 1835இல் வந்த அவருடைய நூலில் 'சராசரி மனிதன்' பிறந்தான். அவன்தான் சரியான மனிதன்; நீங்களும் நானும் அவனிலிருந்து விலகிய பிழைகள். வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தையொட்டிக் கூடுகிறது என்று கண்டவரும் அவரே. அவருக்கு யாருடைய நோயையும் தீர்க்கும் நோக்கம் இல்லை. மக்கள் தொகை என்கிற ஒன்றை அளப்பதே அவருடைய அக்கறை.

அடுத்து, பிரான்சின் பால் ப்ரோக்கா. உயரத்தில் 100ஐக் கழித்தால் எடை வரும் என்கிற, இன்றும் நம் டாக்டர்கள் சிலர் வாய்க்கணக்காகச் சொல்கிற சூத்திரம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. மண்டையோடுகளை அளந்து இனங்களை வரிசைப்படுத்த முயன்றவரும் அதே ப்ரோக்காதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'பெரிய சட்டகம்' என்ற வகையினம் அட்டவணைக்குள் நுழைவது அமெரிக்காவில். மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1942-43இல் 'இலட்சிய எடை' என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. ஒரே உயரமுள்ள ஆண்களிடையே எடை ஏகத்துக்கும் வேறுபடுவதைப் பார்த்து, அதைச் சிறிய சட்டகம், நடுத்தரச் சட்டகம், பெரிய சட்டகம் என மூன்றாகப் பிரித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், யாருடைய எலும்பையும் யாரும் அளக்கவில்லை. எடைப் பரவலை மூன்று கூறு போட்டு, கனத்த கூறுக்குப் 'பெரிய சட்டகம்' என்று பெயர் வைத்தார்கள். கனமாக இருப்பவன் ஏன் கனமாக இருக்கிறான்? சட்டகம் பெரிது. சட்டகம் பெரிது என்று எப்படித் தெரியும்? அவன் கனமாக இருக்கிறானே! செக்குமாடு சுற்றுகிற வட்டம் இது. என்னுடைய 'எலும்பு கனம்மா' என்கிற வாக்கியமும் இதே வட்டத்துக்குள்தான் சுற்றியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1959இல் அந்தப் பட்டியல் 'விரும்பத்தக்க எடை' என்று பெயர் மாறியது. இலட்சியம் போய் விருப்பம் வந்தது. யாருடைய விருப்பம்? பாலிசிதாரர் சீக்கிரம் செத்தால் நஷ்டப்படுகிற கம்பெனியின் விருப்பம். பாலிசி எடுக்க வசதியிருந்த, பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கத்து அமெரிக்கர்களின் சாவுக் கணக்கே அதன் தரவு. 1983இல் திருத்தியபோதுதான் சட்டகத்துக்கு ஓர் அளவுகோல் சேர்த்தார்கள்: முழங்கையின் இரண்டு எலும்பு முனைகளுக்கும் இடையிலான அகலம். ஆணின் உடுப்புக்கு 5 பவுண்டு, செருப்புக் குதிகாலுக்கு ஓர் அங்குலம் என்று கழிவும் போட்டார்கள்.

இதற்கிடையே, சர்க்கரை நோயாளிகளுக்கு உணவுக் கணக்குப் போடுவதற்காக 1964இல் ஹாம்வி என்கிற மருத்துவர் ஒரு வாய்ப்பாடு தந்தார். ஆணுக்கு ஐந்தடி வரை 106 பவுண்டு. மேலே ஒவ்வொரு அங்குலத்துக்கும் 6 பவுண்டு. பெரிய சட்டகமானால் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், சிறியதானால் 10 சதவீதம் கழிக்கலாம். 1972இல் ஆன்சல் கீஸும் சகாக்களும் கெத்லேயின் பழைய விகிதத்தைத் தூசி தட்டியெடுத்து, உடல் நிறைக் குறியீட்டெண் என்று பெயரிட்டார்கள். நாம் பி.எம்.ஐ. என்கிறோமே, அதுதான். கிலோவை மீட்டரின் வர்க்கத்தால் வகுக்க வேண்டியது. பல நாட்டு ஆண்களை அளந்து செய்த ஆய்வு; அதில் இந்தியர் இல்லை, பெண்கள் இல்லை. சட்டகம் என்ற பேச்சே அந்தக் குறியீட்டெண்ணில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 25, 30 என்று கோடு கிழித்தது. 2004இல் அதன் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23இலேயே எச்சரிக்கை தேவை என்றது. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி, இந்தியருக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன் என்று முடிவு செய்தார்கள்.

இப்போது என் உடம்பை எடுத்துக்கொள்வோம். ப்ரோக்கா கணக்கில் எனக்கு 75 கிலோ. ஹாம்வி கணக்கில், பெரிய சட்டகத்துக்கான சலுகையோடு, 80. உலக சுகாதார நிறுவனத்தின் கோட்டில் 76 வரை போகலாம். இந்தியக் கோட்டில் 70. அந்தப் பெண் சொன்னது 67. ஐந்து எண்கள், ஓர் உடம்பு. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் நிர்ணயித்த இந்திய 'மாதிரி ஆண்' 177 சென்டிமீட்டர் உயரம், 65 கிலோ. என்னைவிட 2 சென்டிமீட்டர் உயரம், 19 கிலோ குறைவு. ஆனால் அவன் உணவுத் தேவையைக் கணக்கிடுவதற்காக வரையப்பட்ட 19 முதல் 39 வயதுக்காரன். அவனை எடுத்துவந்து 58 வயதுக்காரன் முன்னால் நிறுத்தி 'இவனைப் பார்' என்பதற்கு அந்த அறிக்கை பொறுப்பல்ல.

ழார்ழ் காங்கியெம் 1943இலேயே எழப்பிய கேள்வி இதுதான். சராசரி என்பது புள்ளிவிவரம். இயல்பு என்பது ஒரு உயிர் தன் சூழலோடு சமாளித்து வாழும் திறன். முன்னதைப் பின்னதாக மாற்றுவது எப்போது, யாரால் நடக்கிறது? ஃபூக்கோ இதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டார். நாம் ஃபூக்கோவைப் படித்தோம். காங்கியெமைத் தாண்டிப் போய்விட்டோம்.

3

அட்டவணை வெளியிலிருந்து வந்தது, நாம் அப்பாவிகள் என்று இதை முடித்துவிட முடியாது. நம் மண்ணிலும் உடம்பை அளந்த வரலாறு நீண்டது.

1876-78 பஞ்சத்தின்போது வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். 450 கிராம். அதை வைத்துக்கொண்டு கல் உடைக்க வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று எதிர்த்தார். இருவருமே அதிகாரிகள், இருவர் கையிலும் எண்கள். ஒருவர் எண் கஜானாவைக் காக்க, இன்னொருவர் எண் உடம்பைக் காக்க. எண் என்பதாலேயே அது அதிகாரத்தின் பக்கம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதை நினைவில் வைப்போம்.

பிறகு எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கவ்வளவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிவாரியாகப் பட்டியலிட்டார். 1909இல் ஏழு தொகுதிகள் வந்தன. நம் மாகாணத்தில் எலும்பை அளக்கும் கருவி சாதியை அளக்கவே பயன்பட்டது. முழங்கை அகலத்தை அளக்க வருகிற கவ்வளவியைப் பார்த்தால் எனக்கு ஒரு கூச்சம் வருவது இதனால்தான்.

ஆயுள் காப்பீட்டின் கதையும் அதுவே. ஐரோப்பியக் கம்பெனிகள் இந்திய உயிரைத் தரம் குறைந்த உயிராகக் கருதிக் கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870களின் தொடக்கத்தில் தோன்றிய பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியருக்கும் அதே கட்டணம் என்றது. ஆக, பட்டியலில் நமக்கு முதலில் கிடைத்த சட்டகம் சிறியதோ பெரியதோ அல்ல, 'சந்தேகத்துக்குரியது'.

அரசுக்கு வேறொரு உடம்பும் வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 170 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 167. மார்பு 81, மூச்சிழுத்தால் 86. லத்தி பிடிக்க விரிந்த மார்பு வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் அதே ஆளை இளைக்கச் சொல்வார்கள். ஒரே உடம்பிடம் ஒரே சமூகம் இரண்டு முரண்பட்ட கோரிக்கைகளை வைக்கிறது.

டெல்டாவின் பண்ணைகளில் இது இன்னும் அப்பட்டம். ஆளை அமர்த்தும்போது தோளைப் பார்ப்பார்கள். கூலி அளக்கும்போது மரக்காலைப் பார்ப்பார்கள். தோள் பெரிதாக இருக்க வேண்டும், மரக்கால் சிறிதாக இருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்த கூலிப் போராட்டத்தை 'அரைப்படி நெல்' என்றுதான் இன்றும் இந்தப் பக்கத்தில் சொல்கிறோம். அரைப்படி நெல் என்பது ஒரு குழந்தையின் எலும்புக்குள் போய்ச் சேர வேண்டிய பொருள். போகவில்லையென்றால் அந்தக் குழந்தையின் 'சட்டகம்' சிறியதாகத்தான் இருக்கும். எனக்குப் பெரிய உடம்புவாகு வந்தது தாத்தாவின் வித்தால் மட்டுமல்ல. எங்கள் வீட்டில் இரண்டு எருமை கட்டியிருந்ததாலும்தான். உடம்புவாகில் பாதி பரம்பரை, மீதி வரலாறு.

4

இப்போது அந்தத் தோழர்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குபவர். எங்கள் பக்கத்து ஊர். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் என்னோடு முப்பது வருஷப் பழக்கம். உயரம் 163, எடை 58. பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 21.8. அட்டவணைக்கு அவரைவிடப் பிடித்தமான பிள்ளை இருக்க முடியாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு முகாமில் எடை பார்த்தார்கள். "வெயிட் கரெக்டா இருக்கு, போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தம் எடுக்கவில்லை. எந்த முகாம், யார் நடத்தினார்கள் என்பது முக்கியமில்லை. அட்டவணை அவரைப் பார்த்துவிட்டது. பிறகு வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

வரப்பில் முள் குத்தியது. புண் ஆறவில்லை. ஆறாத புண்ணோடு ஒரு சம்பா சீசன் முழுக்கச் சிப்பம் தூக்கினார். கடைசியில் பார்த்தபோது சர்க்கரை எங்கேயோ இருந்தது. வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். இனிமேல் 40 கிலோ சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறமுடியாது. அவருக்குப் போனது விரல் மட்டுமல்ல, வேலையும்.

84 கிலோ இருந்த எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 98. சர்க்கரை கிடையாது.

இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை' என்று யாரும் கிளம்ப வேண்டாம். விஷயம் அதைவிட நுட்பமானது. 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புணேயின் டாக்டர் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் யுட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யாஜ்னிக் குழுவினர் புணேயைச் சுற்றிய கிராமங்களில் செய்த ஆய்வில், சராசரி 2.7 கிலோ எடையோடு பிறந்த குழந்தைகளுக்குத் தசை குறைவாகவும், அந்த எடைக்குக் கொழுப்பு அதிகமாகவும் இருந்தது தெரியவந்தது. மெலிந்த உடம்புக்குள் கொழுப்பு. தாயின் வயிற்றிலிருந்தே பற்றாக்குறைக்குப் பழகிய உடம்பு, பிற்பாடு வெள்ளை அரிசி தாராளமாகக் கிடைத்து, நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்து உழைப்பு பருவத்துக்குப் பருவம் குறைகிறபோது, வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்கிறது. தோழரின் கையும் காலும் குச்சி. இடுப்புச் சுற்று 91 சென்டிமீட்டர்.

இங்கேதான் நான் என்னையே விசாரிக்க வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் சங்கத்துக்குப் போஸ்டர் வரைந்து கொடுத்தவன் நான். பண்ணையார் என்றால் தொந்தி, தங்கச் சங்கிலி. கூலி ஆள் என்றால் ஒட்டிய வயிறு, எண்ணக்கூடிய விலா எலும்பு. நூறு போஸ்டர் வரைந்திருப்பேன். அந்தக் குறியீட்டு இலக்கணத்தில் சர்க்கரை என்பது மிராசுதார் வியாதி. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு தோழர் கேட்டார்: "நீங்க வரஞ்ச படத்துல எல்லாம் எனக்கு வயிறு ஒட்டித்தானே தோழர் இருந்துச்சு? அப்புறம் எப்படி எனக்கு சுகர் வந்துச்சு?"

பதில் சொல்ல முடியவில்லை. முகாமின் அட்டவணையும் என் போஸ்டரும் ஒரே தவறைத்தான் செய்தன. இரண்டுமே உடம்பின் வெளிக்கோட்டைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2017இல் வெளியிட்ட பகுதி முடிவுகளிலேயே, தமிழ்நாடு போன்ற வசதியான மாநிலங்களின் நகரங்களில் நோய் ஏழைகள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று இருந்தது. 2023இல் வந்த மொத்த முடிவின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை. நாங்கள் இன்னும் தொந்தி வரைந்துகொண்டிருந்தோம்.

5

சரி, பெரிய உடம்புவாகுள்ள ஓர் ஆணுக்கு எவ்வளவு எடை சரி? கேள்வியை ஒதுக்கிவிட்டுக் கோட்பாடு பேசி முடித்தால் அது ஏமாற்று.

கொள்முதல் நிலையத்தில் நெல்லை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் எடையை வைத்து யாரும் நெல் எடுப்பதில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மெஷின் வைத்துப் பார்க்கிறார்கள். பதர் எவ்வளவு, கல் மண் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். சாக்கின் எடையைக் கழிக்கிறார்கள். அதற்கப்புறம்தான் கிலோ. மழை பெய்த வருஷத்தில் ஈரப்பதத்தைத் தளர்த்தச் சொல்லிப் போராடுகிறோம்; அளவுகோலே வேண்டாம் என்று போராடுவதில்லை. நெல்லுக்குக் காட்டுகிற இந்த விவேகத்தை உடம்புக்கு ஏன் காட்டக்கூடாது?

எனவே 'எலும்பு கனம்' என்பதை முதலில் எடை போடுவோம். வளர்ந்த ஆணின் மொத்த எலும்புக்கூடே, மஜ்ஜை உட்பட, 10 கிலோவையொட்டித்தான் வரும். அப்படியானால் பெரிய எலும்புக்கும் சிறிய எலும்புக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று கிலோ இருக்கலாம். பெரிய எலும்பில் பற்றி நிற்கிற தசையையும் சேர்த்தால் இன்னும் சில கிலோ. 17 கிலோவை எலும்பின் தலையில் கட்ட முடியாது. அந்தப் பெண்ணின் சிரிப்பில் நியாயம் இருந்தது.

ஆனால் வாகு என்பது பொய்யும் அல்ல. டெய்லரின் நாடா போதும். மணிக்கட்டைச் சுற்றி, எலும்பு முடிச்சுக்குச் சற்று அப்பால் கையின் பக்கமாக அளக்க வேண்டும். உயரத்தை அந்தச் சுற்றளவால் வகுத்தால், ஆண்களுக்கு 10.4க்கு மேல் வந்தால் சிறிய வாகு, 9.6க்குக் கீழே வந்தால் பெரிய வாகு, இடையில் நடுத்தரம். எனக்கு 175ஐ 18.6ஆல் வகுத்தேன், 9.4. தோழருக்கு 163ஐ 15.5ஆல், 10.5. ஆக, நான் சொன்னதில் உண்மை இருக்கிறது. பாதி உண்மை.

இந்தியக் கோட்டில் எனக்கு 70. பெரிய வாகுக்கு ஹாம்வி சொன்ன 10 சதவீதத்தை அதன் மேல் வைத்தால் 77. இதை நான் ஒரு தொடக்கமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்த 10 சதவீதம் தசையா கொழுப்பா என்று தராசுக்குத் தெரியாது. அதை இடுப்பைச் சுற்றிய நாடாதான் சொல்லும். இந்திய ஆணுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. உயரத்தில் பாதிக்குள் இருப்பது இன்னும் நல்லது. எனக்கு 87.5. இருப்பது 94. வாகு பெரிது என்பதற்கான சலுகையை மணிக்கட்டு தருகிறது, அதை இடுப்பு திரும்ப வாங்கிக்கொள்கிறது. 77இல் இடுப்பு 90க்குள் வந்துவிட்டால் அங்கேயே நிற்பேன். வராவிட்டால் இன்னும் இறங்குவேன். 67க்குப் போக மாட்டேன். 25 வயதில் வயல் வேலை செய்து வயிறே இல்லாமல் இருந்தபோதுகூட நான் 72. அந்த நினைவும் ஒரு தரவுதான். அதை எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

அதோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, அப்பா அம்மாவுக்கு என்ன இருந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதெல்லாம் சேர வேண்டும். 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த சர்வதேச மருத்துவர் குழுவும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது: தனியொருவரின் உடற்பருமனை பி.எம்.ஐ.யை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, இடுப்பளவோ கொழுப்பளவோ பார்க்க வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நெல் வாங்குகிற இடத்தில் பட்டியல் எழுத்தருக்குத் தெரிந்த நியாயம் மருத்துவத்துக்கு வந்து சேர இவ்வளவு காலம்.

6

திருவையாற்றின் ஐதீகமே ஓர் உடம்பின் கதை. கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் நடந்து கால் தேய்ந்து, தவழ்ந்து கை தேய்ந்து, மார்பு தேய்ந்து, கடைசியில் ஒரு குளத்தில் மூழ்கி இந்த ஊரில் எழுந்தார் என்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு ஊரே திரண்டு அதைக் கொண்டாடுகிறது. தேய்ந்த உடம்பு புனிதம். கடைத்தெருவில் நெய் சொட்டும் அசோகா. இரண்டுக்கும் நடுவில்தான் இங்கே எல்லோருடைய உடம்பும் இருக்கிறது.

உடல் அரசியல் என்று தொண்ணூறுகளில் நாம் எவ்வளவோ எழுதினோம். உடலைக் கொண்டாடச் சொன்னோம், அதிகாரம் உடலில் எழுதப்படுகிறது என்றோம். சரிதான். ஆனால் ஒரு தோழரின் உடம்பைப் பார்த்து, 'கால்ல என்ன புண், எத்தனை நாளா இருக்கு?' என்று கேட்கவில்லை. அளப்பது அதிகாரத்தின் வேலை, நமக்கு அதை அம்பலப்படுத்துவது வேலை என்று பிரித்துக்கொண்டோம். அந்தப் பிரிவினையின் விலையை அவர் கொடுத்தார். அளக்கும் கருவியை யார் பிடித்திருக்கிறார்கள், எதற்காக அளக்கிறார்கள் என்று கேட்பது அவசியம். கேட்டுவிட்டுக் கருவியை நம் கையில் வாங்கிக்கொள்வது அதைவிட அவசியம்.

போன மாதம் சங்க அலுவலகத்தில் ஒரு நாடா வாங்கி வைத்தோம். கூட்டத்துக்கு வருகிறவர்களின் இடுப்பை அளந்து ஒரு நோட்டில் எழுதுகிறோம். 90க்கு மேல் போனவர், அவர் ஒல்லியோ குண்டோ, சர்க்கரை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பேச்சு. 90க்குள் இருந்தாலும் ஆறாத புண்ணோ அடிக்கடி தாகமோ இருந்தால் அவரும் போக வேண்டும். நாடாவைப் பிடிப்பது அந்தத் தோழர். முதல் நாள் என்னைத்தான் அளந்தார். "94. மூச்ச உள்ள இழுக்காம நில்லுங்க தோழர், நோட்டுல பொய் எழுத முடியாது" என்றார்.

இதை ஒரு மாதிரியாக முன்வைக்கவில்லை. பெண்களின் இடுப்பை யார் அளப்பது, அவர்களுக்கான 80 என்ற கோடு டெல்டாவில் நடவு நட்டு முதுகு வளைந்த பெண்ணுக்கு எவ்வளவு பொருந்தும் என்கிற கேள்விகளை நாங்கள் இன்னும் தொடவே இல்லை. மற்ற ஊர்களில் இதைச் செய்து பார்த்தவர்கள், இதில் தவறு காண்பவர்கள் எழுத வேண்டும்.